எண்ணெயை ஊற்றாதீர்கள், சுவரைப் பாருங்கள்: வாவிக்கரை வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு வைத்திருக்கும், வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் உறவுகளுக்கு,

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இந்த மடல் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன். கறையானைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதற்கெல்லாம் ஒரு மடலா என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வீடு எவ்வளவு பாடுபட்டு எழும்பி நிற்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. 1990இலும் 2007இலும் போரால் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து மறுபடியும் அத்திவாரம் வெட்டியவர்கள் நீங்கள்.

அதோடு, வீட்டைப் பெண்பிள்ளைக்கே கொடுக்கும் வழக்கம் நம்முடையது. அந்த ஒரு வீட்டுக்காக மத்திய கிழக்கில் ஆண்டுக்கணக்கில் பிறர் வீட்டு அடுப்படியில் நின்ற தாய்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! அப்படிக் கட்டிய வீட்டைக் கறையான் தின்பது பெரிய நட்டம். ஆனால் கறையானைப் பற்றிய பிழையான நம்பிக்கைகளால் அந்த வீட்டுக்கும் வளவுக் கிணற்றுக்கும் நாமே செய்துகொள்ளும் கேடு அதைவிடப் பெரியது. அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

"சீமெந்து வீடு கா, அதுக்குள்ள எங்கால கறையான் வாறது?" என்கிறீர்கள். கறையான் சீமெந்தைத் தின்னாது என்பது உண்மை. அதற்கு அந்தத் தேவையும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் அகலமான வெடிப்பு அதற்குப் போதும். சுவரும் தரையும் சேரும் பொருத்து, தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டை, பூச்சு கழன்று நிற்கும் சுவரின் உட்புறம், பொந்துள்ள சீமெந்துக் கல்லின் நடுப்பகுதி எல்லாமே அதற்குப் பாதைதான். கிடுகு வீட்டில் மண்சுவரில் ஏறிய கோடு கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய வீட்டில் அது தரை ஓட்டுக்கும் பூச்சுக்கும் பின்னால் ஏறுகிறது. கதவு நிலை கையோடு பெயர்ந்து வரும் நாளில்தான் நமக்குத் தெரிகிறது. ஆகவே கல்வீட்டுக்காரர்தான் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கறையானை எறும்பின் ஒரு வகை என்று நினைத்து எறும்பு மருந்துத் தூளைச் சுவரோரம் தூவுகிறீர்கள். கறையான் எறும்பின் இனமே அல்ல. அது கரப்பானின் உறவு. 2007இல் வெளியான மரபணு ஆய்வு இதைத் தெளிவாக நிறுவியது. எறும்போ கறையானைப் பிடித்துத் தின்னும் முதல் எதிரி. நீங்கள் தூவும் தூள் வெளியே திரியும் எறும்பைக் கொல்கிறது. மண்கூட்டுக்குள் மூடிக்கொண்டு நடக்கும் கறையானை அது தொடுவதேயில்லை. வீட்டைச் சுற்றி நின்ற காவலை நீங்களே அகற்றிவிடுகிறீர்கள்.

மரத்தைத் தின்னும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவது அடுத்த பிழை. மருந்துக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று அடையாளங்களைப் பாருங்கள். சுவரிலோ மரத்திலோ மண்ணால் ஆன குழாய் ஏறியிருந்தால் அது நிலத்துக் கறையான். அதன் தோல் மிக மெல்லியது. வெளிக்காற்று பட்டால் காய்ந்து செத்துவிடும். ஈரத்தைக் காத்துக்கொள்ளத்தான் மண்ணால் மூடிய பாதை கட்டுகிறது. மண்குழாயே இல்லாமல், கதிரைக்கும் அலுமாரிக்கும் கீழே கசகசா அளவில் சிறு மணிகள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். அந்த மணிகள் அதன் எச்சம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஆறு பக்கம் தெரியும். இந்தக் கறையானுக்கு நிலத்தோடு தொடர்பே தேவையில்லை, அந்த மரத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். மணியாக இல்லாமல் மாவாகக் கொட்டினால் அது கறையானே அல்ல, உளுவண்டு. உலர்மரக் கறையானுக்கும் உளுவுக்கும் தரையைத் துளைத்து மருந்து இறக்குவது வீண்செலவு. அப்படி இறக்கச் சொல்லிக் காசு கேட்பவரிடம், எதைக் கண்டு அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அடையாளத்தைக் காட்ட முடியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

புற்றைப் பற்றி மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். நாகதம்பிரானை வணங்கும் ஊர்கள் நம்முடையவை. கோயில் வளவில் புற்றுக்குப் பாலூற்றும் உங்கள் நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் புற்றைக் கட்டுவது பாம்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று நம் முன்னோர் பழமொழியிலேயே சரியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வளவில் உள்ள புற்றை இடித்து, உள்ளே இருக்கும் ராணியைக் கொன்றுவிட்டால் வீடு தப்பிவிடும் என்பதும் பிழைதான். அந்தப் புற்றுக் கறையான்தான் உங்கள் நிலைமரத்தைத் தின்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நிலத்துக்குள் புற்றே எழுப்பாமல் வாழும் கறையான் வேறு இருக்கிறது. பல இனங்களில் ராணி செத்தால் அதன் இடத்துக்கு வேறொன்று வந்துவிடுகிறது. மேட்டை இடிப்பதால் உங்களுக்கு முதுகுவலி வரும், பாம்பு வெளியே வரும், கறையான் போகாது.

முதல் மழை விழுந்த மாலையில் விளக்கைச் சுற்றி வரும் ஈசலை வேறொரு பூச்சி என்று பலர் எண்ணுகிறீர்கள். அது சிறகு முளைத்த கறையான்தான். புதிய குடியிருப்பு அமைக்கக் கூட்டை விட்டுப் புறப்பட்ட ஆணும் பெண்ணும் அவை. பெரும்பாலானவற்றைப் பல்லியும் பறவையும் தவளையும் தின்றுவிடும். வெளியே இருந்து விளக்கைத் தேடி வந்த ஈசலைக் கண்டு பதறத் தேவையில்லை. ஆனால் அவை உங்கள் சுவர் வெடிப்பிலிருந்தோ நிலைமரத்தின் அடியிலிருந்தோ கிளம்பினால், அல்லது அடைத்துக் கிடந்த அறையின் யன்னல் ஓரத்தில் சிறகுகள் குவிந்து கிடந்தால், வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துவிட்டது என்று பொருள். ஈசலைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். அது கிளம்பிய இடத்தைக் குறித்து வையுங்கள். மறைந்திருக்கும் கறையான் தன் இருப்பிடத்தை உங்களுக்குக் காட்டித் தருவது ஆண்டில் அந்த ஓரிரு மாலைகளில் மட்டும்தான்.

"முதிரை போட்டிருக்கு, தேக்குப் போட்டிருக்கு, பயமில்லை" என்று சொல்கிறீர்கள். முதிரை, பாலை, தேக்கு ஆகியவற்றின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. வைரமேறிய பனஞ்சிலாகையும் அப்படியே. ஆனால் எந்த மரமானாலும் வைரமேறாத வெள்ளைப் பகுதி கறையானுக்கு உணவுதான். வேம்பு கசப்பதால் அதன் வெள்ளை தப்பும் என்று எண்ண வேண்டாம். இன்று சந்தைக்கு வரும் மரத்தில் பெரும்பகுதி இளமரம், வெள்ளை கூடியது. மரத்தின் பெயரைச் சொல்லி விலை கேட்கிறார்கள், நீங்களும் பெயரைக் கேட்டே வாங்குகிறீர்கள். இனிமேல் அறுத்த முகத்தைப் பார்த்து வாங்குங்கள். நிறம் வெளிறிய ஓரம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வார்னிஷும் பெயின்ற்றும் மேற்பரப்புக்குத்தான் காவல். சுவருக்குள் புதைந்த பூசாத பக்கத்தால்தான் கறையான் ஏறுகிறது.

வெள்ளம் வந்தால் கறையான் செத்துவிடும், வாவியின் உப்புக்காற்றுக்கு அது அண்டாது என்று நம்புகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரம் 2005இல் கத்ரீனா சூறாவளியால் நீரில் மூழ்கியபோது கறையான் தொலைந்தது என்று அங்கும் சிலர் எண்ணினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் கூட்டங்கள் பல உயிரோடு இருக்கக் கண்டார்கள். மரப்பொந்துகளிலும் சுவர்களிலும் வாழும் கூடுகள் நீர் வடியும் வரை தாங்கிவிடுகின்றன. வடிந்த பிறகு ஊறிய மரமும் காயாத சுவரும் கறையானுக்கு வசதியாகிவிடுகின்றன. வெள்ளம் வந்து போன ஒவ்வொரு வீட்டையும் அடுத்த சில மாதங்களுக்கு இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றோ ஓட்டையும் தகரத்தையும் பதம் பார்க்கும், சுவருக்குள் இருக்கும் கறையானை எட்டாது.

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

கறையானைக் கண்டதும் நம்மில் பலர் கராச்சுக்குப் போய்க் கழிவு எண்ணெய் வாங்கி வந்து அத்திவாரத்தைச் சுற்றி ஊற்றுகிறோம். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். வயல் செய்கிறவர்கள் பூச்சிக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே அடிக்கிறார்கள். சோடாப் போத்தலில் ஊற்றிப் பெயரும் லேபிளும் இல்லாமல் விற்கப்படுவதை வாங்கி வந்து, குழந்தை தவழும் தரையோரம் தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊற்றிய இடத்தில் நின்ற கறையான் சாகிறது. நீங்கள் நிம்மதி அடைகிறீர்கள். கூட்டம் அடுத்த வழியால் ஏறுகிறது. மறு ஆண்டு மறுபடியும் ஊற்றுகிறீர்கள்.

நாம் வாழும் நிலத்தை நினைத்துப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடப்பது மணல். ஊற்றியதைப் பிடித்து நிறுத்தும் களி அதில் இல்லை. நிலத்தடி நீரோ ஆழமில்லாதது. அத்திவாரத்தில் ஊற்றிய எண்ணெயும் நஞ்சும் அதே வளவில் இருக்கும் கிணற்றுக்கு இறங்க அதிக காலம் பிடிக்காது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகள் உப்பேறிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இறைத்து இறைத்து, மழைக்குக் காத்திருந்து, பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்று மீட்டெடுத்த கிணறுகள் அவை. அந்தத் தண்ணீரில் உங்கள் கையாலேயே நஞ்சு கலக்கலாமா?

இது வெறும் அச்சம் இல்லை. கறையானுக்கென்று ஒரு காலத்தில் உலகெங்கும் மண்ணில் ஊற்றப்பட்ட மருந்துகள் அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் என்பவை. ஊற்றிய மண்ணில் அவை பல ஆண்டுகள் அழியாமல் கிடந்தன. மீனின் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் சேர்ந்தன. 2001இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்ரொக்கோம் உடன்படிக்கை, முதலில் ஒழிக்கப்பட வேண்டியவையாகப் பட்டியலிட்ட இரசாயனங்களில் இந்த மூன்றும் அடங்கும். அவற்றுக்குப் பின் கறையானுக்குப் பரவலாகப் பயன்பட்ட குளோர்பைரிபொஸும் 2025இல் அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார். எந்த மருந்து எதற்கு, எவ்வளவு, எங்கே என்பது பதிவில் இருக்கிறது. வயலுக்குப் பதிந்த மருந்து படுக்கை அறைக்குப் பதியப்படவில்லை. நெற்கதிருக்கு அளந்த அளவு மூடிய அறைக்குள் மூச்சுவிடும் பிள்ளைக்கு அளந்ததல்ல.

அப்படியானால் மருந்தே வேண்டாமா என்று கேட்பீர்கள். சில வீடுகளுக்கு வேண்டும். ஆனால் கறையானின் பழக்கத்தை அறிந்து கொடுக்கும் மருந்துதான் பலன் தரும். வேலைக்காரக் கறையான் தான் தின்றதைக் கூட்டத்திலுள்ள மற்றவற்றுக்கு வாயால் ஊட்டுகிறது. உடனே கொல்லும் நஞ்சு அங்கே நின்றவற்றோடு முடிந்துவிடும். மெதுவாக வேலை செய்யும் இரைமருந்து கூடு வரை போய்ச் சேரும். ஆகவே மண்குழாயைக் கண்டவுடன் முழுவதையும் தட்டிக் கொட்டாதீர்கள். ஓரிடத்தில் விரல் அளவு மட்டும் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்போது பதிவு பெற்ற மருந்தை, அதைக் கையாளத் தெரிந்தவரைக் கொண்டு, கிணற்றுக்கு உள்ள தூரத்தைச் சொல்லி இடுவியுங்கள். உலர்மரக் கறையானுக்கும் உளுவுக்கும் வார்னிஷ் பூசாத மரத்தில் போரான் உப்புக் கரைசலை ஊறவிடுவது நல்ல தடுப்பு. மழை படும் மரத்தில் அது கரைந்து போகும், வீட்டின் உட்புறத்துக்கே பயன்படுத்துங்கள்.

இன்னொரு பிழையான நம்பிக்கை, பூட்டி வைத்தால் பத்திரம் என்பது. தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளுக்கு என்ன நடந்தது என்று திருமுறை கண்ட வரலாறு நமக்குச் சொல்கிறது. கதவைத் திறந்தபோது புற்று மூடியிருந்தது, அரித்தது போக மிஞ்சியதே நமக்குக் கிடைத்தது. இருட்டும் ஈரமும் ஆள் கைபடாத அமைதியும்தான் கறையான் விரும்பும் இடம். நம் கண்ணகி அம்மன் கோயில்களில் பல, ஆண்டில் வைகாசிச் சடங்குக்கு மட்டுமே கதவு திறப்பவை. அங்கே பெட்டகத்தில் கிடக்கும் ஏடுகளை எண்ணிப் பாருங்கள். அண்ணாவிமார் வீட்டுப் பரணில் கிடக்கும் கூத்துக் கொப்பிகளை எண்ணிப் பாருங்கள். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்திருக்காவிட்டால், வி. சி. கந்தையா கண்ணகி வழக்குரையை அச்சேற்றியிருக்காவிட்டால், எவ்வளவு மண்ணோடு போயிருக்கும்! உங்கள் வீட்டுக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இடம்பெயர்வுகளில் மடியில் கட்டிக் காத்தவை. அவற்றைச் சுவரோடு ஒட்டிய மரப்பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் சொந்தக்காரரிடம் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை திறந்து யன்னலை விரித்து, அலுமாரியை நகர்த்திப் பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள்.

கறையான் பிடித்த வீடு கூடாத வீடு என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். சீதனமாக எழுதப்போகும் வீட்டில் கறையான் என்று வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று அஞ்சி, பூச்சைப் பூசி மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்த கறையான் மகள் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஈரம், மரம், மண் மூன்றும் சந்தித்த இடத்தில் கறையான் வருகிறது. அதில் குற்றமும் இல்லை, தோஷமும் இல்லை.

மேசன்மாரே, ஓடாவிமாரே, வீட்டுத்திட்டங்களை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தரே, உங்களிடமும் கேட்கிறேன். அத்திவாரத்தை நிரப்பும்போது தென்னங்குற்றியையும் வேரையும் பலகைத் துண்டையும் உள்ளே போட்டு மூடாதீர்கள். கொங்கிறீற் இறுகிய பிறகு அடைப்புப் பலகையை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்காரர் நிலத்துக்குள் புதைந்த அந்த மரத்தை ஒருநாளும் காணமாட்டார், கறையான் கண்டுபிடிக்கும். கதவு நிலையின் கால் மண்ணைத் தொடாதபடி வையுங்கள். சுவருக்குள் போகும் பக்கத்துக்கு மருந்து பூசாமல் மரத்தை நிறுத்தாதீர்கள். தரை போடும் முன் மண்ணைப் பதப்படுத்துவது, வீடு எழும்பிய பின் துளையிட்டுச் செய்வதைவிட மலிவு. வாங்குகிறவருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆகவே சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

கறையானை உலகத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுமார் மூவாயிரம் இனங்களில் வீட்டுக்குக் கேடு செய்பவை சிறு பகுதிதான். வயல்வரம்பிலும் காட்டிலும் செத்த மரத்தை மண்ணாக்குவதும், இறுகிய நிலத்துக்குள் நீரும் காற்றும் இறங்க வழி செய்வதும் அவைதான். மழைக்கு முளைக்கும் புற்றுக்காளான், நிலத்துக்குள் அவை வளர்க்கும் பூஞ்சணத்திலிருந்து வருகிறது. அவை தம் இடத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு வரும் வழியை மட்டும் அடைப்போம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. புரட்டாதி முடிவதற்குள் ஒரு காலைப் பொழுதை உங்கள் வீட்டுக்காக ஒதுக்குங்கள். ஒரு ரோச்சையும் ஸ்குறூட்றைவரையும் எடுத்துக்கொண்டு வீட்டை உள்ளும் புறமும் சுற்றி வாருங்கள். சுவரோரம் அடுக்கிய விறகையும் தென்னோலையையும் ஓடுகளையும் தள்ளி வையுங்கள். சுவரின் அடி கண்ணுக்குத் தெரியும்படி மண்ணை ஒதுக்குங்கள். கசியும் குழாயைத் திருத்துங்கள். நிலைமரத்தின் அடியைத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று ஒலித்தால் குத்திப் பாருங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் நகர்த்துங்கள். உறுதியையும் ஏட்டையும் கொப்பியையும் வெளியே எடுத்து, காற்றாட விட்டு, படம் எடுத்து, இரும்புப் பெட்டியிலோ இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியிலோ வையுங்கள். தனியாக வாழும் முதியவர் பக்கத்தில் இருந்தால் அவர் வீட்டையும் பார்த்துக் கொடுங்கள். கோயில் பரிபாலன சபையில் இருப்பவர்கள், மழைக்கு முன் ஏட்டுப் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பார்க்கத் தீர்மானம் எடுங்கள்.

கழிவு எண்ணெயையும் வயல் மருந்தையும் உங்கள் வீட்டு அத்திவாரத்தில் இனி ஒரு துளிகூட ஊற்றுவதில்லை என்று இன்றே முடிவு செய்யுங்கள். "மறுகா பாப்பம்" என்று தள்ளிவிடாதீர்கள். கறையான் அரித்த நிலையை ஓடாவி மாற்றித் தருவார். நஞ்சு இறங்கிய கிணற்றை மாற்றித் தர ஒருவராலும் முடியாது.

அன்புடன்,
வாவிக்கரையில் உங்களோடு வாழும் ஒருவன்